ஆட்டோகிராஸ் காரில் சூட்டுக் கோளாறு: எந்த ரன்னில் கெடுகிறது என்று முதலில் பாருங்கள்

அமெரிக்காவில் எஸ்.சி.சி.ஏ. (ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா) கிளப்புகள் நடத்தும் ஆட்டோகிராஸில் ஒரு ரன் ஏறத்தாழ ஒரு நிமிடம்தான். பெரிய பார்க்கிங் மைதானத்திலோ விமான ஓடுதளத்திலோ கோன் வைத்துப் பாதை போட்டிருப்பார்கள். கார்கள் தனித்தனியாக ஓடும், நேரம் குறிப்பார்கள், கோன் ஒன்றைத் தட்டினால் 2 விநாடி அபராதம். நல்ல நிலையில் இருக்கும் எஞ்சினை ஒரு நிமிடத்தில் கொதிக்க வைக்க முடியாது. டயரும் அந்த ஒரு நிமிடத்தில் தீய்ந்துவிடாது. சூட்டுத் தொல்லை பெரும்பாலும் இரண்டு ரன்னுக்கு நடுவில், வரிசையில் நிற்கும்போதுதான் உருவாகிறது. ஒருவர் மட்டும் ஓட்டும் காரில் டயர் ஆறிப்போகிறது. ஒரே காரை இருவர் மாற்றி மாற்றி ஓட்டினால் டயருக்கு ஆற நேரமே கிடைப்பதில்லை. எஞ்சினுக்கோ நின்றாலே காற்று கிடையாது.

அதனால் பானெட்டைத் திறப்பதற்கு முன் இரண்டு கேள்விகள்: கோளாறு எத்தனையாவது ரன்னில் தெரிகிறது? காரில் ஓட்டுநர் ஒருவரா, இருவரா? பாதி விடை இதிலேயே கிடைத்துவிடும்.

கருவி என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். நம்பகமான டயர் பிரஷர் கேஜ், ஒரு சாக்பீஸ், தோட்டத்துக்கு மருந்து அடிக்கிற கைப்பம்பு ஸ்பிரேயர், ஓ.பி.டி. போர்ட்டில் (காரின் கணினியோடு பேசும் செருகுவாயில்) செருகி போனில் அளவு பார்க்கும் ரீடர். கையில் பணம் இருந்தால் ரப்பருக்குள் குத்திச் சூட்டை அளக்கும் ஊசி வகை டயர் பைரோமீட்டர் வாங்குங்கள். அகச்சிவப்புத் துப்பாக்கி மலிவுதான், ஆனால் ரப்பரின் மேல்தோலை மட்டுமே காட்டும். ரன் முடித்துத் திரும்பி வருவதற்குள் மேல்தோல் ஆறிவிடும், உள்ளே சூடு அப்படியே இருக்கும். அந்த எண்ணை நம்பி பிரஷரை மாற்றாதீர்கள்.

முதல் ரன்னில் வழுக்குகிறது, மூன்றாவது ரன் நன்றாக இருக்கிறது

டயர் குளிர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். சஸ்பென்ஷனில் கை வைக்காதீர்கள். முதல் ரன்னில் முன்பக்கம் திரும்பவில்லை என்று சாக் அப்சார்பரைத் தளர்த்திவிட்டு, மூன்றாவது ரன்னில் பின்பக்கம் சுழல்கிறதே என்று புலம்புகிறவர்களை எல்லா மைதானத்திலும் பார்க்கலாம்.

இங்கே டயரின் ரகம் முக்கியம். தெருவில் ஓட்டும் கார்களுக்கான வகுப்புகளில் ரப்பர் எவ்வளவு தேயாமல் உழைக்கும் என்று காட்டும் டிரெட்வேர் எண் 200-க்குக் குறையாத டயர்தான் போடலாம். ஆனால் பக்கவாட்டில் 200 என்று அச்சடித்த டயர் எல்லாம் ஒன்றல்ல. யோகோஹாமா ஏ052 குளிரிலேயே பிடிக்கும், சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் எல்லையையும் தாண்டிவிடும். பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்.இ.-71ஆர்.எஸ். கொஞ்சம் சூடு கேட்கும், அதைத் தாங்கவும் செய்யும். ஹான்கூக் ஆர்.எஸ்.4 நீண்ட ஓட்டத்துக்கான ரப்பர். ஆட்டோகிராஸில் அது சூடாகிக் கண் விழிப்பதற்குள் ரன் முடிந்துவிடும். தனியாக ஓட்டுபவர், குளிர்ந்த காலை, எடை குறைந்த மியாட்டா மாதிரி கார் என்றால் முதல் வகை. கனமான கார், இரண்டு ஓட்டுநர், ஜூலை மாதத்து டெக்சஸ் என்றால் இரண்டாவது. மூன்றாவது வகையைப் பந்தயத் தடத்தில் நெடுநேரம் ஓட்டும் டிராக் டேக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

டயரை மாற்ற வழியில்லையென்றால் வரிசையில் செய்யக்கூடியது குறைவு. டயர் வார்மர் போன்றவற்றைப் போட்டி விதி அனுமதிக்கிறதா என்று பார்க்காமல் கொண்டுவராதீர்கள். ஸ்டார்ட் கோட்டில் கொஞ்சம் டயரைச் சுழற்றிக் கிளம்பினால் ஓட்டும் சக்கரங்கள் மட்டும் சூடாகும், மற்ற இரண்டும் குளிராகவே இருக்கும். அது பல நேரம் நிலைமையை இன்னும் மோசமாக்கும். முதல் மூன்று கோன்களுக்குக் கொஞ்சம் முன்னதாக பிரேக் பிடித்து, நான்காவதிலிருந்து முழு வேகம் எடுப்பதே எனக்குத் தெரிந்த நேர்மையான வைத்தியம்.

வெயிலில் நிற்கிற காரில் இன்னொரு ஏமாற்று உண்டு. வெயில் விழும் பக்கத்து இரண்டு டயர்களும் நிழல் பக்கத்தைவிட ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) கூடுதலாகக் காட்டும். அதைக் குளிர்ந்த அளவு என்று நினைத்துக் காற்றை இறக்கினால் நாள் முழுக்க கார் ஒரு பக்கம் ஒரு மாதிரி, மறுபக்கம் வேறு மாதிரி திரும்பும். காலையில் வெயில் ஏறுமுன் அளந்து எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் வெயில் பக்க டயர்கள்மேல் வெள்ளைத் துண்டு போட்டு மூடி வையுங்கள்.

முதல் இரண்டு ரன் அருமை, அப்புறம் வெண்ணெய் தடவிய தோசைக்கல் மாதிரி வழுக்குகிறது

இது எல்லை மீறிய சூடு. இரண்டு ஓட்டுநர் ஓட்டும் காரில், மதியம், தார்த் தளத்தில் அடிக்கடி வரும். வெயிலில் காய்ந்த கருந்தார் பகலில் 55, 60 டிகிரி செல்சியஸைத் தொடும். கான்கிரீட் அவ்வளவு சுடாது. தேசியப் போட்டி நடக்கும் நெப்ராஸ்கா மாநிலத்து லிங்கன் நகரின் விமான நிலையத் தளம் கான்கிரீட். அதில் பழகின பிரஷரை அப்படியே தார் மைதானத்துக்குக் கொண்டுபோனால் பொருந்தாது.

உறுதி செய்ய, ரன் முடிந்த கையோடு பிரஷர் பாருங்கள். மூடிய காற்று 10 டிகிரி சூடேறினால் 30 பி.எஸ்.ஐ. சுற்றளவில் சுமார் 1.5 பி.எஸ்.ஐ. கூடும். காலையில் 30 வைத்த டயர் மூன்றாவது ரன்னுக்குப் பின் 35 காட்டினால் உள்காற்று 30 டிகிரிக்கும் மேல் ஏறியிருக்கிறது என்று பொருள். பைரோமீட்டர் இல்லாதவருக்கு இந்தக் கணக்கே பைரோமீட்டர்.

முதல் வேலை, ஒவ்வொரு ரன்னுக்குப் பிறகும் காற்றை இறக்கி உங்கள் குறி அளவுக்குக் கொண்டுவருவது. மதிய உணவுக்குப் பின் டயர் ஆறியிருக்கும், மறுபடி ஏற்ற வேண்டும். இதை மறந்துவிட்டு 26-இல் கிளம்பிப் பக்கச்சுவரில் உருளுகிற கார்கள் நிறைய.

இரண்டாவது வேலை, தண்ணீர். இதில்தான் பலர் அரைகுறையாகச் செய்கிறார்கள்.

கார் வரிசைக்குத் திரும்பி நின்ற உடனே தொடங்க வேண்டும். தாமதித்தால் ரப்பர் மேல்பரப்பின் சூடு உள்ளே கார்க்கஸுக்கு (டயரின் உள்கூட்டுக்கு) இறங்கிவிடும், அங்கிருந்து அதை வெளியேற்றுவது கஷ்டம். ஸ்பிரேயர் முனையைப் பனிமூட்டம் மாதிரி வைத்துக்கொண்டு, ட்ரெட்டின் முழு அகலத்துக்கும், உள் விளிம்பு வரைக்கும் அடியுங்கள். உள் விளிம்பு கண்ணுக்குத் தெரியாது, அதனாலேயே விட்டுப்போகும். ஆனால் கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்நோக்கிச் சாய்ந்திருப்பது) அதிகமுள்ள காரில் அந்த விளிம்புதான் அதிகம் சுடும். அப்புறம் காரை அரைச் சக்கரம் முன்னே தள்ளி, தரையைத் தொட்டுக்கொண்டிருந்த பகுதிக்கும் ஃபெண்டருக்குள் மறைந்திருந்த பகுதிக்கும் அடியுங்கள். நான்கு பங்கில் ஒரு பங்கு நனையாத டயர், சுற்றும்போது நான்கு வித விஷயம் பேசும்.

ஊற்றுகிற தண்ணீரைவிட ஆவியாகிற தண்ணீர்தான் சூட்டை அதிகம் எடுக்கிறது. ஆகவே ஒரேயடியாக நனைத்துக் குளமாக்காமல், அடித்து, காயவிட்டு, மறுபடி அடியுங்கள். காற்று வறண்ட ஊரில் இது பளிச்சென்று வேலை செய்யும். ஹூஸ்டன் மாதிரி புழுக்கமான ஊரில் தண்ணீர் ஆவியாகவே மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கும். அங்கே கூடுதல் தடவை அடிக்கவும், துண்டால் விசிறவும் ஆள் வேண்டும். ஐஸ் தண்ணீர் எடுத்து வருகிறவர்களும் உண்டு. மேல்பரப்பு சட்டென ஆறிவிடும், கை வைத்தால் ஜில்லென்று இருக்கும், இரண்டு நிமிடத்தில் உள்சூடு திரும்ப மேலே வந்துவிடும். கையை நம்பாமல் பிரஷரை நம்புங்கள்.

பிரேக் டிஸ்க்கில் தண்ணீர் படவிடாதீர்கள். உங்கள் முறைக்கு இரண்டு கார் முன்னதாகவே நிறுத்துங்கள். ஸ்டார்ட் கோட்டில் டயரிலிருந்து சொட்டினால் உங்கள் கிளம்பலும் கெடும், பின்னால் வருகிறவரின் கிளம்பலும் கெடும், வரிசையைக் கவனிக்கும் கிரிட் பொறுப்பாளரின் முகமும் கெடும்.

எவ்வளவு ஆற்ற வேண்டும்? மேலே சொன்ன வகை டயர்களுக்கு ஊசி பைரோமீட்டரில் தோராயமாக 50 முதல் 70 டிகிரிக்குள் இருந்தால் கிளம்பலாம். அதற்கும் கீழே கொண்டுபோனால் முதல் ரன்னின் கோளாறைத் தண்ணீர் ஊற்றி வரவழைத்தது போலாகிவிடும்.

ஒரு பக்கம் மட்டும் கெடுகிறது

முன்சக்கர இழுவைக் கார்களில் முன் டயர்தான் இழுக்கிறது, திருப்புகிறது, பிரேக்கின் பெரும்பங்கையும் வாங்குகிறது. மூன்றாவது ரன்னில் முன்னது கொதித்து, பின்னது அப்போதுதான் வெதுவெதுப்பாக இருக்கும். முன்பக்கத்துக்கு மட்டும் தண்ணீர் அடியுங்கள். பின்பக்கத்தைத் தொடாதீர்கள். நான்கையும் சமமாக நனைத்துவிட்டு முதல் ஸ்லாலத்தில் (கோன்களுக்கிடையே வளைந்து வளைந்து போகும் இடத்தில்) பின்பக்கம் வீசியடிக்கிறது என்று சொல்வதில் பயனில்லை.

ஒரே டயரின் அகலத்தில் வித்தியாசம் தெரிந்தால், நடுப்பகுதி அதிகம் சூடு என்றால் காற்று கூடுதல், இரண்டு விளிம்பும் சூடு என்றால் காற்று குறைவு என்பது பொது விதி. ஒரு நிமிட ஓட்டத்தில் சூடு நிலைபெற நேரமில்லை, கடைசித் திருப்பம் எந்தப் பக்கமோ அந்த எண்தான் மேலோங்கும். ஆகவே ஆட்டோகிராஸில் சாக்பீஸ் கோடே நல்ல சாட்சி. டயரின் தோளிலிருந்து பக்கச்சுவர் வரை மூன்று இடத்தில் கோடு போட்டுவிட்டு ஓட்டுங்கள். பக்கச்சுவரில் இருக்கும் சின்ன முக்கோணக் குறி வரை கோடு அழிந்தால் சரி. அதைத் தாண்டி அழிந்தால் காற்று போதவில்லை.

வரிசையில் நிற்கும்போது டெம்பரேச்சர் முள் ஏறுகிறது, ஓடும்போது இறங்குகிறது

ஃபேன். வேறு எங்கும் தேடாதீர்கள். ஓடும்போது காற்று தானாக ரேடியேட்டரில் புகுகிறது, நிற்கும்போது ஃபேன் மட்டுமே கதி. ஏ.சி.யைப் போடுங்கள். அப்போது ஃபேன் சுற்றி, சூட்டுக்கு மட்டும் சுற்றவில்லையென்றால் சென்சாரோ அதன் வயரிங்கோ கெட்டிருக்கிறது. ஏ.சி.க்கும் சுற்றவில்லையென்றால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில் பாருங்கள். சுற்றியும் ஆறவில்லையென்றால் ஷ்ரவுடை, அதாவது ஃபேனின் காற்றை ரேடியேட்டர் முழுவதற்கும் பரப்பும் கூட்டைப் பாருங்கள். எடையைக் குறைக்கிறேன் என்று ஷ்ரவுடைக் கழற்றி எறிந்த கார்களில் ஃபேன் தன் வட்டத்துக்கு நேரே உள்ள பகுதியை மட்டுமே ஆற்றும்.

ரன் முடித்ததும் எஞ்சினை உடனே அணைப்பது பழக்கம். அணைத்த கணத்தில் வாட்டர் பம்ப் நிற்கிறது. சிலிண்டர் ஹெட்டின் சூடு அங்கேயே தேங்கிய கூலன்ட்டில் இறங்குகிறது. அணைத்த பின் அளவு ஏறுவது கோளாறு இல்லை, இயல்பு. ஆனால் இரண்டு ஓட்டுநர் காரில் அந்த ஏற்றத்தோடேயே அடுத்தவர் கிளம்புவார். பானெட்டைத் திறந்து வைத்து ஒன்றிரண்டு நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு, ஃபேன் ஒரு சுற்று ஓடி நின்றபின் அணையுங்கள்.

ஓடும்போதே முள் ஏறுகிறது

இது கொஞ்சம் கவலைப்பட வேண்டியது. முதலில், முள்ளை நம்பாதீர்கள். நிறைய கார்களில் கம்பெனி கொடுத்த கேஜ், ஏறத்தாழ 75 டிகிரியிலிருந்து 105 வரை நடுவிலேயே அசையாமல் நிற்கும்படி செய்யப்பட்டிருக்கிறது, ஓட்டுபவர் பதறக்கூடாது என்பதற்காக. அது நகர ஆரம்பிக்கும்போது விஷயம் ஏற்கெனவே முற்றியிருக்கும். ஓ.பி.டி. ரீடரில் உண்மையான எண்ணைப் பாருங்கள்.

எஞ்சின் ஆறியபின் (ஆறுமுன் திறந்தால் முகத்தில் அடிக்கும்) ரேடியேட்டர் மூடியைக் கழற்றி அதன் ரப்பர் வளையத்தைப் பாருங்கள். வெடித்திருந்தால் மாற்றுங்கள். மூடியில் 0.9 அல்லது 1.1 என்று (பார் அளவில்) எழுதியிருக்கும். அந்த அழுத்தம்தான் கூலன்ட்டின் கொதிநிலையை உயர்த்திப் பிடிக்கிறது. பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் திறந்த நிலையில் 107 டிகிரி அளவில் கொதிக்கும், நல்ல மூடி அதை 125-க்கு மேல் தள்ளும். சில நூறு ரூபாயோ பத்துப் பதினைந்து டாலரோ பெறும் பொருள். அதைப் பார்க்காமல் அலுமினிய ரேடியேட்டர் வாங்க ஓடாதீர்கள்.

அடுத்து, டேஷ்போர்டுக்குப் பின்னால் களகள சத்தம், ஹீட்டர் ஒரு நேரம் சூடு, ஒரு நேரம் குளிர் என்றால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்றை வெளியேற்றுங்கள். காற்றை எடுத்தபின்னும் மறுபடி மறுபடி சேர்ந்தால், குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸ் கல்லாக இறுகினால், ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) போயிருக்கிறது. அன்றைக்குப் போட்டி முடிந்தது, காரை டிரெய்லரில் ஏற்றுங்கள்.

ரன் நடுவில் எண் ஏறிவிட்டால் ஹீட்டரையும் அதன் ஃபேனையும் முழுதாகத் திறந்துவிடுங்கள். அது ஒரு சின்ன இரண்டாவது ரேடியேட்டர். உங்களுக்கு வேர்த்துக் கொட்டும், எஞ்சின் பிழைக்கும்.

கூலன்ட் சரியாக இருக்கிறது, ஆனால் கார் இழுக்கவில்லை

டர்போ கார் என்றால், டர்போ அழுத்தி அனுப்பும் காற்றை ஆற்றும் இன்டர்கூலர் சூட்டில் ஊறிப்போயிருக்கிறது. ஃபோர்டு ஃபியஸ்டா எஸ்.டி. போன்ற சின்ன டர்போ கார்களில் இது தெரிந்த கதை. ஓ.பி.டி.யில் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பத்தைப் பாருங்கள். வெளியே 35 டிகிரி இருக்கும்போது அது 60-ஐத் தாண்டியிருந்தால் ஈ.சி.யூ. (எஞ்சினின் கணினி) நாக்கிங்கை, அதாவது எரிபொருள் தாறுமாறாக வெடிப்பதைத் தவிர்க்க இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்கு இழுத்திருக்கும். கோளாறு எதுவும் இல்லை, எஞ்சின் தன்னைக் காத்துக்கொள்கிறது. கார் வரிசையில் நிற்கும்போது பேட்டரியில் ஓடும் ஒரு விசிறியை இன்டர்கூலர் முன்னால் வையுங்கள். தண்ணீர் அடிக்க உங்கள் வகுப்பு விதி இடம் தருகிறதா என்று கேட்டுவிட்டு அடியுங்கள். டர்போ இல்லாத காரில் இதே அறிகுறி வந்தால், பானெட்டுக்குள்ளேயே வாய் வைத்த திறந்த ஏர் ஃபில்டரைச் சந்தேகியுங்கள். சத்தம் நன்றாக இருக்கும், உறிஞ்சுவது ரேடியேட்டர் விட்ட சுடுகாற்றை.

நீண்ட திருப்பத்தில் ஆயில் விளக்கு மினுக்குகிறது

இதைச் சூடு என்று நினைத்துக் கெட்டியான ஆயிலுக்கு மாறுபவர்கள் அதிகம். பெரும்பாலும் காரணம் வேறு. பிடிக்கும் டயர் போட்டபின் திருப்பத்தில் விசை கூடி, ஆயில் சம்ப்பின் (எஞ்சினின் அடித்தொட்டியின்) ஓரத்துக்கு ஒதுங்கி, அதை உறிஞ்சும் பிக்கப் குழாய் காற்றை இழுக்கிறது. டிப்ஸ்டிக்கில் மேல் கோடு வரை ஆயில் இருக்கிறதா என்று ஒவ்வொரு போட்டியன்றும் காலையில் பாருங்கள். இருந்தும் மினுக்கினால் தடுப்புத் தகடு வைத்த சம்ப் தேவை. அதுவரை அந்த டயரோடு ஓடுவது பேரிங்கைப் பணயம் வைப்பதுதான்.

உண்மையிலேயே சூடுதான் என்றால் விளக்கு திருப்பத்தில் எரியாது, ரன் முடிந்து ஐடிலில் நிற்கும்போது எரியும். ஆயில் 100, 110 டிகிரியில் இருப்பது நல்லதே. 130 தாண்டினால் கூலர் பற்றி யோசிக்கலாம். ஆட்டோகிராஸில் அதற்கு நேர்மாறான தொல்லைதான் அதிகம்: 60 டிகிரிகூட வராத ஆயிலோடு காலை முதல் ரன்னில் ரெட்லைன் வரை முறுக்குவது.

வரிசையில் அணைத்த கார் திரும்ப ஸ்டார்ட் ஆகவில்லை

ஃபியூயல் ரெயிலில் பெட்ரோல் ஆவியாகியிருக்கும். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, பம்ப் சத்தம் அடங்கும்வரை காத்திருந்து, மறுபடி ஆஃப் செய்து ஆன் செய்து, அப்புறம் ஸ்டார்ட் அடியுங்கள். கார்புரேட்டர் கார் என்றால் ஆக்ஸிலரேட்டரைப் பாதி அழுத்திப் பிடித்தபடி அடியுங்கள், பம்ப் செய்யாதீர்கள். ஸ்டார்ட்டரே சுற்றாமல் டிக் என்று மட்டும் சொன்னால், எக்ஸாஸ்ட் பக்கத்தில் இருக்கும் ஸ்டார்ட்டர் மோட்டார் சுட்டுப்போயிருக்கிறது. அதற்கு ஒரு சூட்டுத் தடுப்பு உறை போதும்.

ஸ்லாலத்தில் ஸ்டியரிங் திடீரென்று கனக்கிறது

ஹைட்ராலிக் வகை என்றால் திரவம் சூடாகி நுரைத்திருக்கும். டப்பா மூடியைச் சுற்றி ஈரம் தெரியும். மேல் கோடு வரை நிரப்பாமல் கொஞ்சம் குறைத்து வையுங்கள், பழைய திரவத்தை மாற்றுங்கள். மின்சார வகை என்றால் மோட்டார் தன்னைக் காக்க உதவியைக் குறைத்திருக்கிறது, ஆறினால் திரும்பி வரும். நிற்கிற காரில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துப் பிடித்துக்கொண்டிருக்காதீர்கள்.

பிரேக் பெடல் மெத்தென்று போகிறது

ஒரு நிமிட ரன்னில் பிரேக் கொதிப்பது அபூர்வம். போனால் திரவம் பழசு. டாட் 4 தர பிரேக் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி, ஈரம் உறிஞ்சியபின் 155. மாற்றிவிட்டுப் பேசுங்கள். ரேஸ் பேட் போட்டுவிட்டு முதல் கோனில் பிடிக்கவில்லை என்பது தனிக் கதை. அந்தப் பேடுக்கு வேண்டிய சூடு இங்கே வரவே வராது, தெருப் பேடே போதும். வரிசையில் ஹேண்ட்பிரேக் இழுக்காமல் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

மண் தளத்தில் ஓட்டுகிறவர்களுக்கு

இந்தியாவில் ஆட்டோகிராஸ் என்றால் பெரும்பாலும் மண் தளம், பிரிட்டனில் புல்லும் மண்ணும். கோயம்புத்தூர்ப் பக்கம் ஓட்டுகிறவர்கள் டயர் சூடு பற்றி மேலே சொன்னதை எல்லாம் தள்ளிவிடலாம், தளர்ந்த மண்ணில் டயர் அந்த அளவுக்குச் சூடாவதில்லை. எஞ்சின் பகுதி மட்டும் அப்படியே பொருந்தும், கூடவே ஒன்று: காலையில் சரியாக இருந்து மதியத்துக்குமேல் ஓடும்போதே சூடு ஏறினால் ரேடியேட்டரில் மண். ஏ.சி. கண்டென்ஸருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் சேரும், முன்னாலிருந்து பார்த்தால் சுத்தமாகவே தெரியும். எஞ்சின் ஆறியபின், பின்பக்கமிருந்து முன்பக்கமாக, சாதாரணத் தோட்டக்குழாய்த் தண்ணீரை விடுங்கள். வாட்டர் சர்வீஸில் கார் கழுவும் பிரஷர் கன் வேண்டாம். மெல்லிய தகடுகள் மடங்கிக்கொண்டால் மண்ணைவிடக் கெட்டியாகக் காற்றை அடைத்துவிடும், அதை நிமிர்த்த ஒரு நாள் போய்விடும்.